விரல் போனாலும் வித்தை போகாது

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

    

சம்பளத்தைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் இந்த மேடையில் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்றைக்கு ஒரு வாத்தியக்காரப் பையனின் கதையைப் பேச வந்திருக்கிறோம். "சங்கக் கூட்டத்தில் சங்கீதத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது தோழர்களே! கையை நம்பிப் பிழைக்கிறவர்கள் நாம். கை கெட்டுப்போன ஒரு வாலிபன் மறுபடியும் எப்படி எழுந்தான், அவன் படுத்துக் கிடந்தபோது பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது நமக்கு வேண்டாத சங்கதி அல்ல.

அந்த வாலிபனின் பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910-ம் ஆண்டு ஜனவரி 23-ம் தேதி பெல்ஜியம் நாட்டில் பிறந்தவன். ஊர் ஊராக வண்டியில் போய்ப் பிழைக்கும் ரோமா என்ற நாடோடி மக்களைச் சேர்ந்தவன். அந்த மக்களின் மூதாதையர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னே வட இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்கள் என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். பிழைப்பைத் தேடிக் கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு, அவர்கள் பாடு என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாரிஸ் பட்டணத்துக்கு வெளியே, வண்டி வீடுகள் நிறுத்தும் வெளிகளில் ஜாங்கோ வளர்ந்தான். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் ஒரு நரம்பு வாத்தியம் கைக்கு வந்தது. பெரியவர்கள் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே பழகினான். பதின்மூன்று பதினான்கு வயதிலேயே நடனக் கொட்டகைகளில் வாசித்துக் காசு கொண்டுவந்தான். 1928-ல் இசைத்தட்டிலும் வாசித்தான். அந்தத் தட்டில் அவன் பெயரைத் தப்பும் தவறுமாக அச்சடித்தார்கள். இப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்ல அவனுக்கு எழுத்துத் தெரியாது. நம் பெரியவர்களின் பெயர்களைச் செக்ரோலில் கிராணி ஒரு விதமாகவும் அடையாளக் கார்டில் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதிய கதையை நினைத்துப் பாருங்கள். எழுத்தறியாதவனுக்கு எந்தத் தேசத்திலும் ஒரே விதிதான்!

அதே 1928-ம் ஆண்டு முடிவில், இரவு வாசித்துவிட்டு வீடு திரும்பினான். அப்போது அவனுக்கு வயது பதினெட்டு. வண்டி வீட்டுக்குள், அவன் மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்ட் காகிதப் பூக்கள் குவிந்து கிடந்தன. செல்லுலாய்ட் என்பது பஞ்சைவிட வேகமாகத் தீப்பிடிக்கும் பொருள். மெழுகுவர்த்தி நெருப்புப் பட்டது. கண்மூடித் திறப்பதற்குள் வண்டி முழுவதும் எரிந்தது. இருவரும் உயிர் தப்பினார்கள். ஆனால் ஜாங்கோவின் வலது காலும், தந்திகளை அழுத்தும் இடது கையும் கோரமாக வெந்துபோயின.

ஆஸ்பத்திரியில் வைத்தியர்கள் காலை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார்கள். இதைக் கேட்டு, "இரக்கமில்லாத வைத்தியர்கள்" என்று நாம் சொல்லிவிடக் கூடாது. பென்சிலின் என்ற மருந்தின் குணத்தை அலெக்ஸாண்டர் பிளெமிங் கண்டதே அந்த 1928-ல்தான். அது நோயாளிகளுக்குக் கிடைக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புண்ணில் விஷம் ஏறினால் அந்தக் காலத்தில் தடுக்க மருந்தில்லை. உறுப்பை எடுத்து உயிரைக் காப்பாற்றுவதே அன்றைய வைத்தியம்.

ஜாங்கோ அதற்குச் சம்மதிக்கவில்லை. பின்னர் வேறோர் ஆஸ்பத்திரியில், காலை எடுக்காமலே காப்பாற்றுவதற்கு ரண சிகிச்சை நடந்தது. கால் பிழைத்தது. நாளடைவில் கைத்தடி ஊன்றி நடந்தான். இதைச் சொல்வதால், வைத்தியர் சொல்லைத் தட்டுங்கள் என்று நாம் புத்தி சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஜாங்கோ தப்பியது போல எத்தனையோ பேர் தப்பவில்லை. நாம் சொல்வது வேறு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னே, "எதற்காக இந்தச் சிகிச்சை? வேறு வழி உண்டா? இதற்குப் பிறகு பையன் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தமிழில் கேட்டால் புரியாத இடத்தில், மலாயோ இங்கிலீஷோ தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போக வேண்டும்.

கால் தப்பியது, கையின் கதையோ வேறு. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கி மடங்கிவிட்டன. இனிமேல் இவன் வாத்தியம் வாசிக்கமாட்டான் என்றே வைத்தியர்கள் எண்ணினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் என்ன ஆகிறது? காயம் ஆறுகிறது, ஆனால் முண்டும் முடிச்சுமாக ஆறுகிறது. அடுத்த சுற்றுக்கு வரும்போது அங்கே கத்தி ஓடாது. தீப்பட்ட தோலும் அப்படித்தான். ஆறுகிறபோதே இறுகுகிறது, இறுகுகிறபோதே விரலை இழுத்து மடக்குகிறது. தினமும் வலியைப் பொறுத்துக்கொண்டு அசைத்துப் பழக்கினால்தான் கொஞ்சமாவது கை வழங்கும். வலிக்கிறதே என்று பொத்தி வைத்தால் கட்டை போல நின்றுவிடும். இன்றைய ஆஸ்பத்திரிகளில் இந்தப் பயிற்சிக்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். படுத்துக் கிடந்த ஜாங்கோவுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்தது எது தெரியுமா?

அவன் தம்பி ஜோசப் வாங்கிவந்த ஒரு புதுக் கிட்டார்!

தோழர்களே! நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சும் ரொட்டியும் கொண்டு போவார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து, "ஐயோ பாவம், இப்படி ஆகிவிட்டதே" என்று கண்ணீர் விடுவார்கள். அன்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஜோசப் கொண்டுவந்தது வாத்தியம். "நீ இன்னமும் வாத்தியக்காரன்தான்" என்று வாயால் சொல்லாமல் கையில் கொடுத்துச் சொன்னான். அந்தக் குடும்பம் பணக்காரக் குடும்பம் அல்ல. குடியிருந்த வண்டியே சாம்பலான குடும்பம். அப்படிப்பட்ட நேரத்தில் கிட்டார் வாங்குவது வீண்செலவு என்று எவரும் சொல்லியிருக்கலாம். அந்த வீண்செலவுதான் மருந்தாயிற்று.

ஏறத்தாழ ஒன்றரை வருஷ காலம் சிகிச்சையில் போயிற்று. அந்தக் காலமெல்லாம் ஜாங்கோ தன் கையைப் புதிதாகப் பழக்கினான். நான்கு விரலால் வாசித்ததை மறந்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்திமேல் மேலும் கீழும் ஓடி ராகத்தை வாசித்தன. மடங்கிய இரண்டு விரல்களையும் வீணாக விடாமல், சேர்த்து அழுத்தும் இடங்களில் துணைக்கு வைத்துக்கொண்டான். மற்றவர்கள் நான்கு விரலால் ஓடாத வேகத்தில் இவன் இரண்டு விரலால் ஓடினான்.

1934-ல் பாரிஸில் ஸ்டெஃபான் கிராப்பெல்லி என்ற பிடில் வித்வானோடு சேர்ந்து ஐந்து பேர் கொண்ட குழுவை அமைத்தான். மேளம் இல்லை, ஊதும் வாத்தியம் இல்லை, ஒரு பிடில், மூன்று கிட்டார், ஒரு பெரிய பாஸ் வாத்தியம், எல்லாம் நரம்பு வாத்தியங்களே. அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையை ஐரோப்பாவில் ஒரு புதிய வழியில் நடத்திக் காட்டியவர்கள் என்று இன்றும் உலகம் அவர்களைக் கொண்டாடுகிறது. அந்தக் குழுவில் ஜாங்கோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளக்கட்டு விடாமல் கிட்டார் வாசித்தவர்களில் ஒருவன், அதே தம்பி ஜோசப். படுக்கையில் கிட்டார் கொடுத்தவன் மேடையிலும் பக்கத்தில் இருந்தான். 1953-ம் ஆண்டு மே மாதம், நாற்பத்து மூன்றாம் வயதில் ஜாங்கோ காலமானார்.

கதை அத்துடன் முடியவில்லை. இனி வருவது நம்மைப் போன்ற ஒரு தொழிலாளியின் கதை.

1965-ம் ஆண்டு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பட்டணம். டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். இவனும் கிட்டார் வாசிப்பவன். ஒரு குழுவோடு வெளியூர் போவதற்காக வேலையை விட்டுவிட்டான். அன்று கடைசி நாள். மத்தியானம் வீட்டுக்கு வந்தவன், "இனிப் போகவில்லை" என்றான். "ஒழுங்காக நாளை முடித்துவிட்டு வா" என்று தாயார் அனுப்பி வைத்தார். எந்தத் தாய்தான் அப்படிச் சொல்லமாட்டாள்? அன்று ஒரு யந்திரத்தில் வழக்கமாக நிற்கும் ஆள் வரவில்லை. பழக்கமில்லாத டோனியை அதில் நிறுத்தினார்கள். யந்திரம் இறங்கிற்று. வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவன் இடக்கைப் பழக்கக்காரன். ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். இனி வாசிக்க முடியாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள்.

பழக்கமில்லாத ஆளை யந்திரத்தில் நிறுத்துவது பற்றி நமக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதை வேறொரு கூட்டத்தில் பேசுவோம். இன்று சொல்ல வந்தது, அதற்குப் பிறகு நடந்ததை.

மனம் உடைந்து கிடந்த டோனியை, அந்தத் தொழிற்சாலையில் அவனுக்கு மேலே இருந்த ஒருவர் பார்க்க வந்தார். ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். பையனுக்கு இசை என்ற பேச்சே பிடிக்கவில்லை. அவர் விடவில்லை, கேட்க வைத்தார். கேட்ட பிறகு, "இதை வாசித்தவர் இரண்டு விரலால்தான் வாசிக்கிறார்" என்றார். அது ஜாங்கோவின் தட்டு!

டோனி எழுந்து உட்கார்ந்தான். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் வரும் பிளாஸ்டிக் போத்தலை உருக்கி, விரல் நுனிக்குப் பொருந்தும் தொப்பிகளைச் செய்துகொண்டான். அதன்மேல் பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய தோலை ஒட்டினான். அழுத்துவதற்கு இலேசான மெல்லிய தந்திகளைத் தேடிப் பூட்டினான். 1968-ல் நண்பர்கள் மூவரோடு குழு அமைத்தான். 'பிளாக் சபத்' என்ற பெயரில் 1970-ல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. உலகமெங்கும் உள்ள வாலிபர்கள் கேட்கும் ஒரு புதுவகை இசைக்கு அது வழிகாட்டிற்று.

தோழர்களே! ரண சிகிச்சை நடக்கும் நேரம் சில மணி. அது வைத்தியரின் வேலை. அதற்குப் பிறகு வரும் மாதங்கள் யாருடைய வேலை? அது வீட்டாரின் வேலை, நண்பர்களின் வேலை, உடன் உழைப்பவர்களின் வேலை. வைத்தியர் உயிரை மீட்டுக் கொடுக்கிறார். ஆளை மீட்டெடுப்பது நம் பொறுப்பு.

நம் தோட்டங்களில் எத்தனை பிள்ளைகள் கோவில் திருவிழாவில் உறுமியும் தப்பும் அடிக்கிறார்கள்! பஜனையில் மிருதங்கம் வாசிக்கிறார்கள்; ஆர்மோனியப் பெட்டியில் கை வைக்கிறார்கள். அவர்களில் ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதல் வாரம் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. இரண்டாம் மாதம் எட்டிப் பார்க்க ஆளிருக்காது. உண்மையில் அந்தப் பிள்ளைக்கு ஆள் வேண்டியது இரண்டாம் மாதத்தில்தான். தகப்பனும் தாயும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டால், தனியே படுத்திருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். ஆஸ்பத்திரித் தவணைக்குக் கூட்டிப் போக ஒருவர் வேண்டும். "வாடா, கையை அசை, ஒரு தாளம் போடு" என்று மிருதங்கத்தை முன்னே நகர்த்தி வைக்க ஒரு சிநேகிதன் வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம். முறை வைத்துக்கொண்டு போனால் போதும்.

கிராணிமார் நண்பர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. டோனியின் வீட்டுப் படியேறிய அந்த மேலாளை நினையுங்கள். காயம்பட்ட தொழிலாளியின் வீட்டுக்கு ஆபீசிலிருந்து எத்தனை பேர் போகிறோம்? நாமும் கிராணிதான், நம்மையும் சேர்த்தே கேட்கிறோம். வேலையில் அடிபட்டவருக்கும், வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் அடிபட்டவருக்கும் சொக்சோ பாதுகாப்பு இருக்கிறது. 1969-ல் சட்டமாகி 1971 முதல் நடந்துவரும் ஏற்பாடு அது. விபத்துச் செய்தி கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் அறிவிக்க வேண்டும் என்பது விதி. தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்குச் சராசரி நாட்கூலியில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். காயம்பட்டவர் மறுபடி வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007-ல் தொடங்கிற்று. 2014-ல் மலாக்காவில் அதற்கென்று ஒரு பெரிய பயிற்சி நிலையமும் திறந்தார்கள். இவையெல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. அந்தக் காகிதம் நம் மேஜையில் இருக்கிறது. நேரத்தோடு நிரப்புவதும், படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்வதும் நாம் செய்யக்கூடிய கிட்டார் தானம்!

ஆகவே, இந்தக் கிளையின் சார்பில் ஒரு யோசனையை உங்கள் முன் வைக்கிறோம். நம் தோட்டத்தில் யாருக்குப் பெரிய சிகிச்சை நடந்தாலும், அவர் எழுந்து நடமாடும் வரை வாரம் இருவராக முறை வைத்துப் போய்வர ஒரு சிறு குழு அமைக்கலாம். அதில் வெட்டுக்காரர் ஒருவரும் ஆபீசைச் சேர்ந்தவர் ஒருவரும் சேர்ந்தே போகட்டும். ஒப்புக்கொள்கிறவர்கள் இன்றிரவே பெயர் கொடுங்கள். புத்தகமும் பேனாவும் இந்த மேஜையிலேயே இருக்கின்றன.