விதி என்று சொல்லாதீர்கள். விதிமீறல் என்று சொல்லுங்கள்!

(கோவில்பட்டி தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இந்தக் கரிசல் சீமையில் மழை நம்மை ஏமாற்றியிருக்கிறது, சைக்கிள் ஏமாற்றியதில்லை. விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர், பால் கேனைக் கட்டிக்கொண்டு வருகிறவர், இரவுக் காவல் முடிந்து திரும்பும் முதியவர் என்று இன்றைக்கும் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழக அரசு 2001ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் அதை விரிவுபடுத்தியது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: சைக்கிளைக் கொடுத்தவர்கள், அதில் ஏறிப் போகும் பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வழி செய்தார்களா?

மதுரையிலிருந்து நெல்லைக்குப் போகும் நான்குவழிச் சாலை நம் ஊரை ஒட்டிப் போகிறது. ஒருபக்கம் வீடு, மறுபக்கம் வேலை. இந்த வேகத்துக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பவன் ஏழை. 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதில் 4,836 பேர் சைக்கிளில் சென்றவர்கள். தமிழகத்தில் மட்டும் மொத்தம் 17,884 உயிர்கள் போயின.

இப்படி ஒருவர் அடிபட்டு இறந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "அவன் விதி முடிந்தது" என்கிறோம். சகோதரர்களே! இறைவன் நாட்டம் என்று பொறுமை கொள்வது துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல். அது குற்றம் செய்தவனுக்கு எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அல்ல! குடித்துவிட்டு ஓட்டியவனும், எதிர்த்திசையில் வந்தவனும், இரவில் விளக்கில்லாமல் சாலையோரம் லாரியை நிறுத்தியவனும் மீறியது விதியை. அது சட்டத்தில் எழுதிய விதி.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பாதசாரி, சைக்கிள் ஓட்டுபவர், குழந்தை, முதியவர் ஆகியோரிடம் தனிக் கவனம் காட்டி ஓட்ட வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டு வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகள். ஆபத்தாக ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு. குடித்து ஓட்டினால் 185. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்து, காவல்துறைக்கும் தகவல் தருவது ஓட்டுநரின் கடமை என்கிறது 134. கவனக்குறைவால் உயிர் போனால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா. சட்டம் ஏட்டில் இருக்கிறது, சாலைக்கு வரவில்லை. ஹெல்மெட் போடாதவரை மறிப்பது சரிதான். அதே கண்டிப்பு கிராம விலக்கில் வேகமாக வரும் பஸ்ஸிடமும் லாரியிடமும் காட்டப்பட வேண்டாமா?

இன்னொரு கொடுமை, சமரசம். "வழக்கு வேண்டாம், இதை வாங்கிக்கொள்" என்று ஊர்ப் பெரியவர்களே ஒரு தொகையைப் பேசி முடிக்கிறார்கள். மூன்றாம் நபர் காப்பீடு மோட்டார் வாகனங்களுக்குப் பொதுவாகக் கட்டாயம். காப்பீட்டு நிறுவனம் தர வேண்டிய முழு நஷ்டஈட்டை விட்டுவிட்டுச் சில்லறையை வாங்கி விதவையின் கையில் திணிப்பது நீதியா?

நெதர்லாந்து நாட்டைப் பாருங்கள். 1971ல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 3,000க்கும் மேல். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று தெருவில் இறங்கினார்கள். இன்று உலகமே வியக்கும் சைக்கிள் பாதைகள் அங்கே இருக்கின்றன. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை சைக்கிளில் வரும்போது கார் மோதினால், பெரும்பாலும் முழு நஷ்டமும் கார்க்காரர் தரப்பையே சேரும். தானாக வந்ததா இது? கேட்டார்கள், கிடைத்தது.

நாம் செய்ய வேண்டியது என்ன? விபத்தைக் கண்டால் 108ஐ அழையுங்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உதவியவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. 2021ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நஷ்டஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போடுங்கள். மோதிய வண்டி தப்பிவிட்டால்கூட, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் படுகாயத்துக்கு 50 ஆயிரமும் உண்டு. அதற்கு வருவாய்த்துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

கோவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012ல் தொடுத்த வழக்கில், மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கும்படி 2017ல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. ஆட்சியர் தலைமையிலான அந்தக் குழுவுக்கு ஊர்தோறும் மனு கொடுப்போம். எந்த விலக்கில் வேகம், எந்த இடத்தில் விளக்கில்லை, எங்கே லாரிகள் நிற்கின்றன என்று தேதியோடு எழுதிக் கொடுப்போம்.

கடைசியாக ஒன்று. லாரியைக் குறை சொல்லும் நம் வீட்டு வாலிபனே பைக்கில் பறந்து சைக்கிள்காரரைப் பதற வைக்கிறான். ஷேர் ஆட்டோ ஓட்டும் நம் தம்பியே திடீரென்று இடதுபக்கம் ஒடிக்கிறான். அவர்களையும் கண்டியுங்கள். நம் பிள்ளை என்று விட்டுவிட்டு, அடுத்தவனிடம் நீதி கேட்க நமக்கு வாயில்லை.

சைக்கிளில் போகிறவனுக்கும் இந்தச் சாலையில் சம பங்கு உண்டு. அதைக் கேட்டுப் பெறுவோம்!