கண் தெரியாமல் பாலிஷ் போடுவது எப்படி?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட் பக்கத்தில் உள்ள செருப்பு ஸ்டாண்டும், குழந்தைகள் படிக்கும் அறையில் உள்ள இரண்டு பெஞ்சும் நான் செய்தவை. "அளந்து அறுப்பதையாவது நம்பலாம் சார், பாலிஷ் எப்படிப் போட்டீர்கள்?" என்று பலரும் கேட்கிறீர்கள். அதைப் பற்றிப் பேச செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்.

நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில், குமாஸ்தாவாக. மர வேலை அப்போதிருந்தே பொழுதுபோக்கு. க்ளாக்கோமாவில் பார்வை முழுவதும் போய் 5 வருடம் ஆகிறது. கேஷ் கவுண்டரில் நோட்டு எண்ணிய விரல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

பாலிஷ் வேலையில் முக்கால்வாசி விரலுடைய வேலை. கண் நன்றாகத் தெரிகிற ஆசாரியும் கடைசியில் கையால் தடவித்தான் பார்ப்பார்.

முதலில் உப்புத்தாள். 80, 120, 180, 220 என்று வரிசையாக, மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தாள்களைத் தனித்தனி கவரில் வைத்திருக்கிறேன். கவரில் ஒரு ஸ்டேப்ளர் பின் இருந்தால் 80, நான்கு இருந்தால் 220. தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுவேன். மரத்தின் நார் லேசாக எழும்பும். அதை 220-ஆல் மெதுவாக எடுத்துவிட்டு, மேலே ஒரு பஞ்சு உருண்டையை இழுப்பேன். பஞ்சு மாட்டினால் அங்கே சிலாம்பு இருக்கிறது. பசை வழிந்து காய்ந்த இடம் விரலுக்குக் கண்ணாடி மாதிரி வழுக்கும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் எண்ணெய் உள்ளே இறங்காமல் திட்டாக நிற்கும்.

அடுத்தது, எதைப் பூசுவது? பிரஷ்ஷால் பூசும் வார்னிஷ் எனக்கு ஒத்துவராது. எங்கே வழிந்தது, எங்கே விட்டுப்போனது என்று ஈரத்தில் தொட்டுப் பார்த்தால் கைரேகை பதிந்துவிடும். அதனால் தடவித் துடைக்கிற வகையாகத் தேர்ந்தெடுத்தேன். ஹார்டுவேர் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆளிவிதை எண்ணெய்தான். துணியால் தாராளமாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட வேண்டும். துடைத்துவிடுவதால் வழிசலுக்கு வேலையில்லை. எண்ணெய் பட்ட இடம் விரலுக்கு வழுவழுவென்று இருக்கும், படாத இடம் வறண்டிருக்கும். ஒரு நாள் காயவிட்டு அடுத்த பூச்சு. மூன்று பூச்சுக்குப் பிறகு தேன்மெழுகு.

பெஞ்சுப் பலகையை மனதில் நான்கு பத்தியாகப் பிரித்துக்கொள்வேன். இடது கை எல்லையைப் பிடித்துக்கொள்ளும், வலது கை தடவும். பத்திக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். ஒரு பத்தியில் மட்டும் மிஞ்சினால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. டாலி ஆகாமல் கணக்கை மூட முடியாதல்லவா?

இந்தப் பூச்சு சூடான காபி டம்ளரையும் நாள்பட்ட ஈரத்தையும் அதிகம் தாங்காது. சாப்பாட்டு மேசைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று நானே சொல்லிவிடுவேன். நிறம் ஏற்றும் ஸ்டெயின் வேலையையும் எடுப்பதில்லை, நிறம் விரலுக்குத் தெரியாது. மரத்தின் சொந்த நிறமே போதும்.

கண் தேவைப்படும் இடத்தில் கேட்டுக்கொள்கிறேன். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "சூப்பர் சார்" என்பீர்கள். அது எனக்கு உதவாது. "டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார், மங்கலான திட்டு எந்த ஓரத்திலிருந்து எத்தனை சாணில் இருக்கிறது?" என்று கேட்பேன். இரண்டாவது மாடியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் குழந்தை சரியாகச் சொல்லிவிடுகிறாள்.

இனி நான் சொல்லப்போவது உங்கள் எல்லோருக்குமானது. ஆளிவிதை எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வது போல அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கிறது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அந்தச் சூடு வெளியேறாமல் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1991 பிப்ரவரி 23 அன்று 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படித்தான் எரிந்தது. 22-வது மாடியில் விட்டுச்சென்ற எண்ணெய்த் துணிகளில் தொடங்கிய தீ, தண்ணீர் தெளிப்பான்கள் இருந்த 30-வது மாடியில்தான் நின்றது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

நான் துணிகளை மொட்டைமாடிக் கொடியில் ஒற்றையாக விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகே குப்பையில் சேர்க்கிறேன். உங்கள் வீட்டில் கதவு, அலமாரிக்கு எண்ணெய் பாலிஷ் வேலை நடந்தால், ஆட்கள் கிளம்பும்போது "துணி எங்கே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். படிக்கட்டு மூலையிலும் குப்பைத் தொட்டியிலும் சுருட்டிப் போட விடாதீர்கள்.

எனக்காக ஒரு வேண்டுகோளும் உண்டு. மொட்டைமாடியில் என் டப்பாக்களை நல்லெண்ணத்தோடு சிலர் ஓரமாக நகர்த்தி வைக்கிறீர்கள். ஒரு ரப்பர் பேண்டு போட்டது எண்ணெய், இரண்டு போட்டது மெழுகு. ஆனால் எது எங்கே என்பது வைத்த இடத்தில்தான் இருக்கிறது. நகர்த்தியே ஆகவேண்டுமென்றால் இன்டர்காமில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்.

சனிக்கிழமை மாலைகளில் அங்கேதான் இருப்பேன். வீட்டில் பழைய ஸ்டூல் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து தேய்க்கலாம்.