முதற்சீலமும் வாயில்லா உயிர்களும்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஞ்சசீலத்தின் முதற்சீலம் உயிர்க்கொலை தவிர்த்தல். இறைச்சி உண்ணும் நமக்கு அதைப் பேசத் தகுதி உண்டா என்று நம் இளைஞர்களைச் சிலர் கேட்கின்றனர். அதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

தமக்கெனக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருப்பின், பிக்குகள் இறைச்சியை ஏற்கலாம் என்று ஜீவக சூத்திரத்தில் புத்தர் கூறினார். உயிர் வணிகமும் இறைச்சி வணிகமும் இல்லறத்தார்க்கு ஆகா என்றவரும் அவரே. கொல்லும் தேவை வேறு, கொல்லும் விருப்பம் வேறு என்று அண்ணல் அம்பேத்கர் இதனை விளக்கினார். எனவே சீலத்தின் அளவுகோல் உண்கலம் அன்று, உள்ளம்.

அந்த உள்ளம் செயலாவதை அசோகரின் கல்வெட்டுகளில் காணலாம். தம் அடுக்களையில் நாள்தோறும் நிகழ்ந்த பெருங்கொலையை இரு மயில், ஒரு மான் என்னும் அளவுக்குக் குறைத்து, அவையும் இனிக் கொல்லப்படா என்று அவர் அறிவித்தார். மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்வித்ததைக் கூறும் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழ, பாண்டிய நாடுகளையும் குறிப்பிடுகின்றது. மனிதனும் விலங்கும் ஒரே ஆணையில் இடம்பெற்றமை எண்ணத்தக்கது.

என் இளமையில், உயிரோடிருந்த மாடு ஊராரின் செல்வம்; செத்த மாடு எங்கள் தெருவின் சுமை. அதை இழுத்துச் சென்ற என் தந்தையாருக்குத் தண்ணீரை எட்ட நின்றே ஊற்றினர். மாட்டை வணங்கி மனிதனை விலக்குவது கருணையன்று.

ஆயினும், நாம் பட்ட கொடுமையை நம்மினும் எளிய உயிரின்மீது இறக்கிவைப்பதும் கருணையன்று. நம் மாணவன் ஒருவன் பாரவண்டி மாட்டைத் தார்க்குச்சியால் குத்தக் கண்டு தடுத்தேன். "அது என்ன, திருப்பிக் கேட்கவா போகிறது, ஐயா?" என்றான். "நம் பாட்டன்மாரைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள், தம்பி" என்றேன். குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள், எல்லா உயிர்களிடத்தும் அன்பு கொண்டு அவற்றைக் காப்பேன் என்பதும் ஒன்று. இளைஞர்களே, தெருநாயின்மீது எறியக் கல்லெடுக்கும் கை, அந்த உறுதிமொழியை நினைத்து ஒரு கணம் நிற்கட்டும். கருணையை நாம் எவரிடமும் இரந்து பெறவேண்டா. அதை வழங்கும் நிலைக்கு உயர்வோம். கல்வியின் பயன் அதுவே.