பாரசீகத்துச் சைரஸும் கந்தளாய்க் கயவாகுவும்

(கந்தளாயில் நிகழ்த்திய உரை)



பாரசீக மன்னன் சைரஸைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். ஆனால் இக்குளக்கட்டின் அருகே நிற்கும்போது, இவ்வூரில் உயிர்நீத்த வேறொரு மன்னனும் நினைவுக்கு வருகின்றான். இருவரையும் சேர்த்தே பேசுவோம், பொறுத்தருள்க.

சைரஸ் கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றினான். வென்ற நாட்டின் தெய்வங்களையும் கொள்ளைப் பொருளாகக் கொண்டுசெல்வது அக்கால அரசர் பலரின் வழக்கம். இவனோ, பாபிலோனில் குவிந்துகிடந்த தெய்வத் திருவுருவங்களை அவற்றின் சொந்தக் கோயில்களுக்கே திருப்பி அனுப்பினான். சிறைப்பட்டிருந்த யூதர் ஊர் திரும்பி எருசலேமில் ஆலயம் எழுப்பவும் இசைந்தான். 1879இல் பாபிலோன் மண்ணில் கிடைத்த களிமண் உருளையொன்று அவன் செயல்களைக் கூறுகின்றது.

அரசன் தன்னைத் தானே புகழ்ந்த சாசனத்தைச் சான்றாகக் கொள்ளலாமோ என்று வழக்கறிஞ நண்பர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பிறர் சாட்சியும் உண்டு. யூதரின் வேதம் அவனை இறைவனால் அபிஷேகம் பெற்றவன் என்கின்றது. கிரேக்கனாகிய செனபோன், நல்லரசனுக்கு அவனையே இலக்கணமாக்கி ஒரு நூல் செய்தான். (கமக்காரருக்கு ஒரு செய்தி: பசர்கடையில் அவன் அமைத்த தோட்டத்தின் கல் வாய்க்கால்கள் இன்றும் காணப்படுகின்றன.)

எங்கள் மன்னனுக்கு இத்தகைய நற்பெயர் வாய்க்கவில்லை. இரண்டாம் கயவாகு 1131 முதல் 1153 வரை பொலன்னறுவையில் அரசிருந்த சிங்கள மன்னன். முதலாம் விசயபாகுவின் பேரன். உறவினனாகிய பராக்கிரமபாகுவோடு பொருது தோற்றான். ஒருவர் இறந்தால் மற்றவருக்கே நாடு என்று இருவரும் செய்த உடன்படிக்கை கல்லிலும் வெட்டப்பட்டது. பின்பு கந்தளாயில் தங்கி, இங்கேயே மாண்டான்.

பிறநாட்டிலிருந்து புறமதத்தாரை அழைத்து இராசரட்டையை முட்காடாக்கினான் என்று சூளவம்சம் அவனைச் சாடுகின்றது. அப்பகுதியின் காவிய நாயகன் பராக்கிரமபாகு என்பதை நாம் மறத்தலாகாது. வென்றவனைப் பாடவந்த ஏடு, தோற்றவனுக்கு வேறென்ன எழுதும்? திருகோணமலைத் தமிழர் மரபோ அவனைக் கோணேசர் அடியவனாகப் போற்றுகின்றது. குருடனாகிய அவனுக்கு இவ்விடத்திலே கண் தழைத்தமையால் ஊர் கந்தளாய் ஆயிற்று என்பது கதை. கதையை வரலாறென்று நாம் சாதிக்கவில்லை. எனினும் ஏசும் ஏடும் ஏத்தும் கதையும் ஒன்றில் உடன்படுகின்றன: பௌத்த நாட்டின் மன்னனாகிய அவன் பிற சமயத்தாருக்கும் இடமளித்தான். சைரஸுக்குப் புகழ் தந்த செயல் இவனுக்குப் பழியாயிற்று.

இது அவனோடு தொடங்கியதுமன்று. அயலிலுள்ள பளமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டொன்று, அவன் பாட்டன் விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டுக்குரியது. நங்கைசானி என்னும் பார்ப்பனக் கைம்பெண் தன் கணவன் நினைவாக இவ்வூர்ச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த தானத்தை அது கூறுகின்றது. கோயிலின் பெயர் விசயராச ஈச்சரம். ஊரின் பெயர் விசயராசச் சதுர்வேதிமங்கலம். தானத்துக்குக் காவல், வேளைக்காரப் படை. சிங்கள மன்னன் பெயர் சூடிய சிவாலயம், அவன் ஆட்சியாண்டு குறித்த தமிழ்ச் சாசனம்! அதே நாட்டில், 1956இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி எனச் சட்டம் வந்தது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் ஏற 1987 வரை காத்திருக்க நேர்ந்தது.

குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்கிறோம் நாம். அக்கபோதி என்கின்றது சூளவம்சம். 1986 ஏப்பிரலில் அக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வெள்ளத்தைப் பற்றி அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வைத்தல் நன்று.

உழுகின்ற பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். வயலில் எழுத்துள்ள கல் தட்டுப்பட்டால் அதை வரப்புக்கோ படிக்கட்டுக்கோ வைத்துவிடாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, பாடசாலை ஆசிரியருக்குச் சொல்லியனுப்புங்கள். ஆசிரிய நண்பர்களே, சொல்லி அனுப்பினால் அன்றைக்கே போய்ப் பாருங்கள்.