கடல் கடந்தோருக்கான மன்றாட்டு



இலக்கிய உரை என்றால் கவிதை, காவியம், நாவல், சிறுகதை ஆகியவற்றை எடுத்துப் பேசுவதே வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அவ்வரிசையில் எளிதில் சேராத ஒன்று. தூரதேசத்தில் சமயப்பணி செய்யச் சென்றவர்களுக்காக, அவர்களை அனுப்பிய கிறிஸ்தவ மக்கள் தத்தம் ஊரிலிருந்து செய்துவந்த வேண்டுதலைப் பற்றியே பேசப்போகிறேன். நான் சைவன், ஹட்டனில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். இவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நாம் வாழும் இந்த மலைநாடு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தகைய வேண்டுதல்களில் இடம்பெற்று வந்த நாடு. நாம் இல்லாத இடத்தில், நம்மைப் பற்றிக் கடவுளிடம் என்ன பேசினார்கள் என்று அறிய விரும்புவது நியாயந்தானே?

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஜெபம், வேண்டுதல், விண்ணப்பம், மன்றாட்டு எனக் கிறிஸ்தவத் தமிழில் பல சொற்கள் உண்டு. இவற்றுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது மன்றாட்டு என்பதே. மன்று என்பது ஊரவர் கூடி வழக்குத் தீர்க்கும் பொதுவிடம். அங்கே நின்று வாதாடுவது மன்றாடுதல். தனக்காக மன்றாடலாம், வர இயலாத இன்னொருவனுக்காகவும் மன்றாடலாம். கத்தோலிக்கத் திருப்பலியில் பிறருக்கான வேண்டுதலை விசுவாசிகளின் மன்றாட்டு என்றே அழைக்கிறார்கள். ஒருநாள் வகுப்பில் இச்சொல்லை விளக்கியபோது, "அப்படியென்றால் மன்றாடி யார், சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. தில்லை மன்றில் ஆடும் சிவபெருமானுக்கு மன்றாடி என்று பெயர். சோழர் கல்வெட்டுகளிலோ மன்றாடி என்றால் இடையன். கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஒருவர் 90 ஆடுகளோ 96 ஆடுகளோ கொடுத்தால், அவற்றைப் பெற்று நாள்தோறும் நெய் அளக்கும் கடமை அந்த மன்றாடிகளைச் சேர்ந்தது. கொடுத்தவர் தொலைவில் இருப்பார், அல்லது இறந்தும் போயிருப்பார். விளக்கு மட்டும் அவர் பொருட்டு அணையாமல் எரியும்.

அணையாத விளக்கைப் போலவே அணையாத மன்றாட்டும் ஒன்று இருந்தது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் மொரேவியக் கிறிஸ்தவர்கள் 1727 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27 ஆம் திகதி முறைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் எழுந்தால் மற்றொருவர் அமர்வார். இந்த முறை நூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஐந்து ஆண்டுகளுக்குள், 1732 இல், அவ்வூரார் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஊழியரை அனுப்பினார்கள். இங்கிலாந்தில் நோர்தாம்ப்டன்ஷயர் பகுதியின் பப்டிஸ்த சபைகள், மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலையில் கூடி உலகுக்காக ஜெபிப்பதென 1784 இல் தீர்மானித்தன. அந்த வட்டத்திலிருந்தே வில்லியம் கேரி 1793 இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். இருந்தவர்களின் ஜெபமே சிலரை எழுப்பி அனுப்பியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இந்த மன்றாட்டுக்குச் செய்தி வேண்டும். செய்தி கடிதத்தில் வந்தது. 1706 ஜூலை 9 ஆம் திகதி தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் அவர் வழி வந்தவர்களும் எழுதிய மடல்களும் அறிக்கைகளும், 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகி வெளிவந்தன. தமிழரை ஒருபோதும் கண்டிராத மக்கள் தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றி வாசித்து, அவற்றுக்காக முழங்காலில் நின்றார்கள்.

நமது மரபு இதனின்று ஒரு வகையில் வேறுபட்டது. நம் ஆலயங்களில் பூசை முடிவில், கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் பாடிய வாழ்த்தை ஓதுகிறோம். மழைக்கும் அரசுக்கும் அறத்துக்கும் உயிர்கள் யாவற்றுக்கும் அதில் இடமுண்டு. உலகம் முழுவதையும் நான்கடியில் அடக்கிய பெருமனம் அது. அதில் தனியொருவரின் பெயர் கிடையாது. பெயருக்கு அருச்சனை செய்வதென்றால் பெரும்பாலும் நம் வீட்டார் பெயருக்கே செய்கிறோம். முன்பின் அறியாத ஒருவரின் பெயரையும் ஊரையும் நோயையும் எடுத்துச் சொல்லி, மாதந்தவறாமல் வேண்டுவது மிஷன் சபைகள் வளர்த்த பழக்கம். அந்தத் துல்லியத்தில் ஓர் இலக்கியச் சுவை இருக்கிறது. நல்ல சிறுகதையாசிரியனும் மனித குலத்தைப் பற்றி எழுதுவதில்லை. ஒரு மனிதனைப் பற்றித்தான் எழுதுகிறான்.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே அந்தத் துல்லியம் என்னவாயிற்று?

கோப்பி செழித்திருந்த 1854 ஆம் ஆண்டில், கண்டிப் பக்கத்துத் தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியாலும் சேர்ச் மிஷனரி சங்கத்தின் துணையாலும், தோட்டத் தமிழருக்கென ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. அதன் பெயர் தமிழ்க் கூலி மிஷன். லண்டன் மாநகரில் கூடியவர்கள் நமக்காக ஜெபித்தபோது நம்மைக் குறிக்கக் கிடைத்த சொல் கூலி. அவர்கள் அதை இழிவென எண்ணிச் சொன்னார்கள் என்று நான் கூறவில்லை. ஆனால் கடலுக்கப்பால் மண்டியிட்டவரின் மனக்கண்ணில் தோன்றியது முகமில்லாத ஒரு கூட்டம். மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியோரம் மடிந்தவர்களை அந்தச் சொல் காட்டாது. கங்காணியிடம் பட்ட கடனையும் காட்டாது. மிஷனுக்கு நன்கொடை தந்த அதே துரைமார் வர்க்கம், பின்னாளில் கடன் தீராத தொழிலாளியைத் துண்டு என்னும் சீட்டால் கட்டிவைத்தது. சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது 1921 இல்தான். ஆன்மா விடுதலை பெற வேண்டும் என்று கேட்டவர்களின் காதுக்கு உடலின் சிறை எட்டியதா என்ற கேள்வி எனக்குண்டு.

டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே, 1878 இல் எழுந்த வோலீ தேவாலயம் இன்றும் அழகாக நிற்கிறது. அங்குள்ள கல்லறைகளில் துரைமாரின் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். சுற்றியுள்ள மலைகளில் புதைந்த தொழிலாளரில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது.

இது கதையின் ஒரு பாதி. மறுபாதியைச் சொல்லாவிட்டால் நான் நீதி செய்தவனாக மாட்டேன். அந்த மிஷனின் பொறுப்பை ஏற்றவர் திருநெல்வேலியில் பணியாற்றித் தமிழ் அறிந்திருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் என்னும் குரு. அவருடன் தோட்டந்தோட்டமாக ஏறி இறங்கியவர்கள் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார். வரலாற்று நூல்கள் துரைமாருக்குத் தந்த பக்கங்களை இவர்களுக்குத் தரவில்லை. ஆயினும் கடல் கடந்த சபைப்பணிக்காகத் தமிழர், தமிழ் மொழியிலேயே ஜெபித்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர்கள் இவர்களே. அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபைப்பணிக்குக் கொடுக்கும் வழக்கம் திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் கிறிஸ்தவப் பெண்களிடையே வேரூன்றியது. பிடியரிசி நம் சைவ வீடுகளுக்கும் புதிதன்று. மடத்துக்கும் அன்னதானத்துக்கும் நாமும் எடுத்துவைத்ததுண்டு. அரிசி அளவில் ஜெபமும் கைக்கு அகப்படும் பொருளாகிவிடுகிறது. ஒரு பிடி குறைத்து உண்டவளுக்கு, யாருக்காகக் குறைத்தோம் என்பது மறக்காது.

இதிலிருந்து ஒரு பெரிய திருப்பம் உண்டாயிற்று. 1900 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தமக்கென ஒரு வெளிநாட்டு மிஷன் சங்கம் அமைத்து, பாக்குநீரிணைக்கு அக்கரையில் உள்ள தொண்டிப் பகுதிக்குத் தம் செலவில் ஊழியரை அனுப்பினார்கள். 1902 இல் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைக் கண்டார். வெள்ளாளன்விளையில் பிறந்த அவருக்கு அப்போது வயது முப்பதுகூட இல்லை. இத்தனை சிறிய யாழ்ப்பாணம் செய்வதை இத்தனை பெரிய திருநெல்வேலிச் சபை செய்யவில்லையே என்ற எண்ணம் அவரை உறுத்தியது. அடுத்த ஆண்டே, 1903 பெப்ரவரி 12 ஆம் திகதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாயிற்று. ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. தெலுங்கு வழங்கும் தோர்ணக்கல் பகுதி அதன் பணிக்களம். அசரியா தாமே 1909 இல் அங்கு சென்று குடியேறினார். 1912 இல் அங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். யாருக்காக உலகம் ஜெபித்ததோ அவர்களே எழுந்து பிறருக்காக ஜெபிப்பவர்களானார்கள். அந்த எழுச்சியின் தீப்பொறியில் ஒன்று நம் இலங்கையிலிருந்து பறந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

1910 இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அங்கே பேசிய அசரியா, மேலைநாட்டு ஊழியரின் தியாகங்களுக்கு நன்றி கூறினார். கூறிவிட்டு, இந்தியச் சபை இன்னும் கேட்டு நிற்பது நட்பைத்தான் என்றார். அவையில் பலருக்கு அது சுட்டது. நான் அதைத் தமிழாசிரியனுக்குரிய முறையில் இப்படி விளங்கிக்கொள்கிறேன்: ஒருவனுக்காக மன்றாடுபவன் அவனோடு ஒரே பாயில் அமரத் தயாராக இருக்கவேண்டும்.

சைவனாகிய நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். மிஷனரிமாருக்காக ஜெபிப்பது என்றால், அவர்களின் பணி பலிக்கவேண்டும் என்று ஜெபிப்பது. அந்தப் பலனில், என்னைப் போன்றவன் தன் சமயத்தை விட்டு வருவதும் அடங்கும். ஆக, என்றோ எங்கோ ஒருவர் என் பாட்டனாருக்காகவும் எனக்காகவும் இதைக் கேட்டிருக்கிறார். இதைக் கேட்டு நான் என்ன செய்வது? சினப்பதா, சிரிப்பதா?

ஆறுமுக நாவலர் காட்டிய வழி ஒன்று உண்டு. பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் அவர். கிறிஸ்தவரின் வேண்டுதலையும் முயற்சியையும் அருகிருந்து அறிந்தவர். அவர் 1847 இன் இறுதிநாளில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார், 1848 இல் பாடசாலையை நிறுவினார், அச்சகமும் நிறுவினார். எதிராளியின் உழைப்பை மதித்து, அதே அளவு உழைப்பால் விடையளித்தார். நாவலரின் கண்டனங்கள் கடுமையானவை. ஆனால் அவர் யாரை மறுத்தாரோ அவர்களை நன்கு படித்திருந்தார்.

ஆகவே என் அளவுகோல் இதுதான். எனக்காக ஒருவர் மன்றாடலாம். அவர் நம்பிக்கைப்படி அவர் வேண்டியதைக் கேட்கலாம். அவருக்கு என் பெயர் தெரியவேண்டும். என் சம்பளமும் என் லயத்துக் கூரையும் என் சாமியும் தெரியவேண்டும். தெரிந்தபின்பும் அதே வேண்டுதலைத்தான் செய்வாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம். தெரியாமல் செய்தால் அது வெறும் தொகுதிப் பெயர். கூலி என்ற சொல்லைப் போல.

நம் காலத்தில் இந்த அளவுகோலுக்கு நின்றவர்கள் உண்டு. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்க்கப்படவேண்டிய கணக்காக விடப்பட்டார்கள். உறவுகளைப் பிரித்துக்கொண்டு மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அக்காலத்தில், 1972 இல், இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் சத்யோதய நிலையத்தை நிறுவினார். தோட்ட மக்களின் உரிமைக்காக எழுதினார், பேசினார், அமைப்புகளை இணைத்தார். 2017 இல் மறையும்வரை அந்த அக்கறையை அவர் விடவில்லை. 2023 இல், நம் முன்னோர் வந்த இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. தேசிய கிறிஸ்தவ மன்றமும் அதனை முன்னின்று நடத்தியோரில் ஒன்று. பல சமயத்தவரும் கூட நடந்தார்கள். ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் அது நிறைவெய்தியது. 1854 இல் தூரத்திலிருந்து சொல்லப்பட்ட ஜெபத்துக்கு, கால்நடையாய்ச் சொல்லப்பட்ட திருத்தம் அது என்று நான் எண்ணுகிறேன்.

நேயர்களே, இன்று கடல் கடந்தோர் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருக்கும் மகள், ஒப்பாரிக் கோச்சியில் போய் நீலகிரியில் தங்கிவிட்ட சித்தப்பாவின் பேரப்பிள்ளைகள், இவர்கள் யாவரும் தூரத்தில் உள்ளவர்களே. கோயிலில் உலகத்தை வாழ்த்தி முடித்ததும் நாம் தேங்காய்த் தட்டை ஏந்திக்கொண்டு வீடு திரும்புகிறோம். கிறிஸ்தவ அயலவரிடமிருந்து நாம் கடன்பெறத்தக்க ஒரு பழக்கம் உண்டு: தொலைவில் உள்ளவரின் பெயரை எழுதிவைத்து, கடிதம் போட்டு, செய்தி கேட்டு, அந்தச் செய்தியோடு இறைவன்முன் நிற்பது. பக்கத்து லயத்துப் பிள்ளையின் பெயரையும் அதில் சேர்த்துக்கொண்டால் நல்லது. மன்று என்பது பொதுவிடம். அங்கே நமக்காக மட்டும் பேசிவிட்டு இறங்குவது அழகன்று.