பேர் விழாத பெரியவர்கள்

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த ஒன்றுகூடலில் எமது குழுவினர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டு வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறோம்.

தோட்டத்திலே நமக்குப் 'பேர்' என்ற சொல் மிகவும் பழக்கமானது. "இன்னைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" என்று கேட்காத நாளே இல்லை. வேலை செய்தும் செக்ரோலில் பேர் விழாவிட்டால் கணக்கப்பிள்ளையிடம் போய் நின்று கேட்போம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் வருஷக்கணக்காக வேலை செய்தும் எந்தப் புத்தகத்திலும் பேர் விழாமல் போன சிலர் நம்மிடையே இருந்தார்கள். அவர்கள் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பிய நம்முடைய பாட்டன்மார், மாமன்மார், அவர்களுடைய கூட்டாளிமார். இன்று அவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

போன மாதம் நாங்கள் ஒரு லயத்துக்குப் போயிருந்தோம். வேலையிலிருந்து நின்ற ஓர் அம்மா, வயது எழுபத்தைந்துக்கு மேலே. நாங்கள் பழைய கதை கேட்கிறோம் என்று தெரிந்ததும் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். பழைய துண்டு, துருப்பிடித்த சாவி, பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாவற்றுக்கும் அடியிலே ஆறு முனையுள்ள ஒரு மஞ்சள் உலோக நட்சத்திரம் கிடந்தது.

"எங்க அப்பாவோடதுங்க. பட்டாளத்துல குடுத்ததுன்னு சொல்லுவாரு. எந்த ஊருல இருந்தாரு, என்ன செஞ்சாரு, ஒண்ணும் தெரியாது. நாங்களும் கேக்கல்ல, அவரும் சொல்லல்ல. ஒருக்கா அடகுக் கடைக்குக் கொண்டுபோனேன். தங்கம் இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றார்.

அதைத் துடைத்துப் பார்த்தோம். நடுவிலே அரசர் ஆறாம் ஜோர்ஜின் முத்திரை. சுற்றிலும் ஆங்கில எழுத்தில் 'ஆபிரிக்க நட்சத்திரம்' என்று இருந்தது. 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை வட ஆபிரிக்கப் போர்முனையில் சேவை செய்தவர்களுக்குக் கொடுத்த பதக்கம் அது. அதன் நாடாவில் மணல் நிறம் பாலைவனத்தைக் குறிக்கிறது. நடுவிலே போகும் சிவப்புக் கோடு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, இளநீலம் விமானப்படைக்கு.

பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பிரித்தானிய அரசாங்கம் தன் படையினருக்கு இந்த நட்சத்திரங்களைப் பெயர் பொறிக்காமலே வழங்கியது. ஆகவே பதக்கம் ஒரு கதையைப் பாதிதான் சொல்லும். ஒருவர் ஆபிரிக்காவுக்குப் போனார் என்று சொல்லும். அவர் யார் என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் அந்த மகள் ஒருவர்தான். அவருக்குப் பிறகு அது வெறும் பித்தளைத் துண்டு.

இலங்கையிலிருந்து போனவர்களில் பலர் பயனியர் படை, போக்குவரத்துப் படை போன்ற பிரிவுகளில் இருந்தார்கள். பாதை வெட்டினார்கள், சாமான் இறக்கினார்கள், லொறி ஓட்டினார்கள். சினிமாவிலே காட்டுகிற சண்டை இல்லை. மண்வெட்டியும் மூட்டையுமான வேலை. ஆனால் அந்த வேலை நடக்காவிட்டால் முன்னாலே நிற்கிறவனுக்குத் தண்ணீரும் இல்லை, ரவையும் இல்லை. பின்னாலே நின்று உழைக்கிறவன் அருமை தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் போர் தூரத்தில் மட்டும் நடக்கவில்லை. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. ஏப்ரல் 9இல் திருகோணமலையில் போட்டன. பர்மா கைமாறியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா பிடித்தது. இன்று காலையில் நாம் சுட்டுத் தின்ற ரொட்டிக்குள்ளேயும் அந்தப் போரின் கதை கொஞ்சம் இருக்கிறது.

இங்கிலாந்திலே 1940 ஜூலையில் தேயிலைக்கும் பங்கீடு வந்தது. ஓர் ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 57 கிராம். அந்தத் தேயிலைக்காக இங்கே மழையிலும் பனியிலும் கூடை சுமந்தவர்கள் நம் பாட்டிமார். பட்டாளத்துக்குப் போன கணவன் எப்போது வருவான் என்று தெரியாமல், பிள்ளையை இதே மாதிரி ஒரு மடுவத்தில் விட்டுவிட்டு மலையேறியவளும் அவர்களுக்குள்ளே இருந்தாள். போனவனை நினைக்கும்போது காத்திருந்தவளையும் நினைக்க வேண்டும்.

கண்டிப் பக்கம் போகிறவர்கள் நகரை அடுத்துள்ள போர் மயானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர், கனேடியர், இத்தாலியர் என்று பல நாட்டவர் ஒரே புல்வெளியில் படுத்திருக்கிறார்கள். இத்தகைய போர் மயானங்களுக்கு ஒரு விதி உண்டு. பதவி, இனம், மதம் பார்த்து மரியாதையில் வேறுபாடு காட்டக்கூடாது என்பதே அது. பெரிய அதிகாரி என்று பெரிய கல் கிடையாது. நம் தோட்டங்களிலே துரைமாரின் கல்லறை ஒரு பக்கமும், நம்மவர் புதைகுழி பெயரில்லாத இன்னொரு பக்கமும் இருப்பதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, அங்கே நின்றபோது மனம் கனத்தது.

ஆனால் இன்னொன்றும் தோன்றியது. போரிலே இறந்தவனுக்குக் கல் உண்டு. உயிரோடு திரும்பி வந்தவனுக்கு? அவன் மறுபடியும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் பாட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. மலையகத்தில் பெரும்பாலானோரிடம் அந்தக் கடதாசி இல்லை. போருக்குப் போய் வந்தவன் வீடும் நாடற்றவர் வீடாகலாம் என்ற நிலை வந்தது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அண்ணன் கப்பலேறினான், தம்பி இங்கே நின்றான். பழைய படங்களும் கடதாசிகளும் கப்பலோடு போயின. மிஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி செய்தது. ஒரு கடதாசி இல்லாமல் போவதன் விலை என்ன என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

நவம்பர் 11ஆம் திகதி, முதலாம் உலகப் போர் 1918இல் ஓய்ந்த நாள். அன்று சிவப்புப் பொப்பிப் பூ விற்பார்கள். அந்தப் பணத்தில் பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போனது. இங்குள்ள முன்னாள் படையினருக்கு உரியது கிடைக்கவில்லை என்று 1930களின் தொடக்கத்தில் ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர் குரல் கொடுத்தார். அதே நாளில் சூரிய மல் விற்கும் இயக்கம் பிறந்தது. சூரிய மல் என்றால் வேறொன்றுமில்லை, நம்முடைய பூவரசம்பூதான். பின்பு இளைஞர்கள் அதை ஏற்று நடத்தினார்கள். 1934-35இல் மலேரியா பரவியபோது அதே இயக்கத்தினர் கிராமங்களுக்குப் போய் நோயாளிகளைக் கவனித்தார்கள். நினைவுகூர்வது என்பது சட்டையில் பூக்குத்துவதோடு முடியக்கூடாது, இருக்கிறவர்களைப் போய்ச் சேர வேண்டும் என்பதை அவர்கள் அன்றே காட்டினார்கள்.

போரைப் பெரிதாகப் புகழ்ந்து பேசவும் நாங்கள் வரவில்லை. 1983 முதல் 2009 வரை இந்த நாட்டில் நடந்தது என்ன என்று நமக்குத் தெரியும். வன்செயலுக்குப் பயந்து மலையிலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய நம் சொந்தங்கள் அங்கேயும் போருக்குள் அகப்பட்டார்கள். எந்தப் பக்கத்தில் பிள்ளையை இழந்தாலும் தாயின் அழுகை ஒன்றுதான். போனவரை நினைப்பது இன்னொரு பிள்ளையைப் போருக்கு அனுப்புவதற்காக ஆகக்கூடாது.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது சில சின்னக் காரியங்கள்.

முதலாவது, வீட்டிலே பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பட்டாளத்துக்குப் போனவர் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன், எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர், எந்த வருஷம். பிள்ளைகளின் கொப்பியிலே ஒரு பக்கம் போதும். படை எண் ஏதாவது கடதாசியில் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். பிறகு தேடுவதற்கு அதுதான் திறப்பு.

இரண்டாவது, பதக்கம் இருந்தால் புளி, சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டாம். உலர்ந்த துணியில் சுற்றி, நாடாவோடு வையுங்கள். படத்தின் பின்னாலே பென்சிலால் மெதுவாகப் பெயர் எழுதுங்கள். கடதாசிகளைக் கூரை ஒழுகாத பக்கத்தில், பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

மூன்றாவது, உலகப் போர்களில் இறந்த பொதுநலவாயப் படையினரின் பெயர்களைப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் காசில்லாமல் தேடலாம். கையிலே போன் வைத்திருக்கிற தம்பி தங்கைமார் பெரியவர்களுக்கு அதைச் செய்து கொடுங்கள்.

நான்காவது, போருக்குப் போனவரின் வயதான மனைவியோ மகளோ தனியாக இருந்தால், வாரத்துக்கு ஒருக்கா அந்த இஸ்தோப்பில் போய் உட்காருங்கள். அவர் கதை சொல்லட்டும். சொன்ன கதையையே திரும்பச் சொன்னாலும் கேளுங்கள்.

அந்த அம்மாவிடம் நாங்கள் கடைசியாக அவருடைய அப்பாவின் பெயரைக் கேட்டோம். சொன்னார். அவருடைய பேரன், எட்டாம் வகுப்புப் படிக்கிறவன், தன் கொப்பியிலே அதைப் பெரிய எழுத்தில் எழுதினான். கீழே 'ஆபிரிக்கா' என்றும் எழுதினான். அந்தப் பெயர் அந்த வீட்டுச் சொத்து என்பதால் இங்கே சொல்லவில்லை. அம்மா கொப்பியை வாங்கி, எழுத்தின் மேலே விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அப்பாவுக்கு இன்னைக்குத்தான் பேர் விழுந்திருக்கு."

உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் பேர் விழட்டும்.