மூன்று சொட்டு நேர்வாள எண்ணெய்

முகத்தில் அமிலம் தடவித் தோலை உரிக்கிற ‘கெமிக்கல் பீல்’ நேற்று முளைத்த பார்லர் சமாச்சாரம் இல்லை. 1882-லேயே ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் உன்னா, சாலிசிலிக் அமிலம், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம், ஃபீனால் எல்லாம் தோலை என்ன செய்யும் என்று எழுதி வைத்துவிட்டார்.

கதை சூடுபிடிப்பது அமெரிக்காவில். 1920களுக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸிலும் ஃப்ளோரிடாவிலும், மருத்துவம் படிக்காத சிலர் முகச் சுருக்கத்தைப் போக்குகிறோம் என்று கடை விரித்தார்கள். கலவை பரம ரகசியம். மருத்துவர்கள் திட்டிக்கொண்டே அந்த ரகசியத்தைத் தேடினார்கள் என்பதுதான் வேடிக்கை.

1960களின் தொடக்கத்தில் மயாமி மருத்துவர்கள் பேக்கரும் கோர்டனும் ஒரு கலவையை வெளியிட்டார்கள். 88 சதவீத ஃபீனால் 3 மில்லி, தண்ணீர் 2 மில்லி, திரவ சோப்பு 8 சொட்டு, குரோட்டன் எண்ணெய் 3 சொட்டு. குரோட்டன் வேறொன்றும் இல்லை, நம் நேர்வாளம்தான். சித்த மருத்துவர்கள் பேதிக்குத் தருவது. அதையும் சுத்தி செய்யாமல் தரமாட்டார்கள். இந்தக் கலவை நிலையாக நிற்காது. பஞ்சை நனைக்கும்போதெல்லாம் கலக்கியாக வேண்டும்.

உரிப்பது ஃபீனால்தான், எண்ணெய் சும்மா துணைக்கு என்றே கிட்டத்தட்ட நாற்பது வருடம் நம்பினார்கள். லாஸ் வேகஸ் மருத்துவர் கிரெகரி ஹெட்டர் 2000-இல் அதைப் புரட்டிப் போட்டார். எவ்வளவு ஆழம் உரியும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்த எண்ணெயின் அளவுதான் என்று காட்டினார். சொட்டுக்குச் சொட்டு அளவு மாறுமே, அதை நம்பியா இத்தனை முகங்கள்!

ஃபீனாலும் சாதுவல்ல. தோல் வழியாக ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். அதனால்தான் நெற்றி, கன்னம் என்று பிரித்து, நடுவில் இடைவெளி விட்டு, இசிஜி திரையைப் பார்த்துக்கொண்டே தடவுகிறார்கள்.

இன்று பார்லர்களில் பரவலாக இருப்பவை கிளைகாலிக், லாக்டிக் போன்ற மிதமான அமிலங்கள். ஆனால் செறிவு கூடினால் இவையும் சுடும். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் சுட்ட இடம் கரும்படலமாக மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் மோசம்.

வீரியமான பீல்களை ஆன்லைனில் வாங்கி வீட்டில் தடவாதீர்கள் என்று 2024 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே எச்சரித்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டில் இருந்தால் திறக்காதீர்கள். முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் முகத்தைக் காட்டுங்கள்.